குறைந்த செலவில் வில் வேட்டைக்கான மரமேறும் கருவிகள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. புதிதாக இதில் இறங்குபவர்கள் பலர் செப்டம்பர் கடைசியில்தான் கடைக்கு ஓடுகிறார்கள். பொதுநிலத்தில் இன்று ஒரு மரம், நாளை வேறொரு மரம் என்று இடம் மாறி வெள்ளைவால் மானை வேட்டையாட வேண்டுமென்றால் ஏறும் கருவி முழுவதையும் முதுகில் சுமந்து போக வேண்டும். அதனால் எல்லோருடைய கண்ணும் முதலில் எடையின் மேல் விழுகிறது. மரத்தில் கட்டி ஏறும் படித்தண்டான ஸ்டிக்கில் மிக லேசானதை வாங்குகிறார்கள், அப்புறம் மேலே கால் வைத்து நிற்க ஒரு பிளாட்ஃபார்ம், கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் கயிறு. இந்த வரிசையைத்தான் தலைகீழாக்க வேண்டும் என்கிறேன். கையில் 300, 400 டாலர்தான் இருக்கிறது என்றாலும் பாதுகாப்பாக ஏறி இறங்க அது போதும். அந்தப் பணம் எதற்கு முதலில் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்று. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே எழுதுவது உரிமம் வாங்கி, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து, அமெரிக்காவில் சட்டப்படி வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்காக.

நிலத்தின் விதியையும் மரத்தையும் பார்க்காமல் வாங்குவது

கடையில் மிக மலிவாகக் கிடைப்பது மரத்தில் திருகி ஏற்றும் இரும்புப் படிகள். விலையைப் பார்த்து ஆசைப்படுவார்கள். மிச்சிகன் பொதுநிலத்தில் பட்டையைத் துளைக்கும் எதையும் மரத்தில் திருகக் கூடாது. பென்சில்வேனியாவின் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் என்னும் அரசு வேட்டை நிலங்களிலும் மரத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்பதே விதி. சொந்த நிலம் இல்லாதவருக்கு அந்தப் படிகள் வீண் செலவு. பொதுநிலத்தில் ஸ்டாண்ட், அதாவது மரத்தில் மாட்டி உட்காரும் மேடை, வைப்பதானால் அதில் உங்கள் அடையாள விவரம் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த ஆண்டின் விதிப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

அடுத்தது, நீங்கள் போகும் காட்டில் என்ன மரம் இருக்கிறது என்பது. மிச்சிகன் வடக்கில் ரெட் பைன் தோட்டங்களிலும் ஆஸ்பென் காடுகளிலும் கிளையில்லாத நேரான மரங்கள் நிறைய உண்டு. அங்கே கிளைம்பர் ஸ்டாண்ட் என்னும், மேலும் கீழும் மாற்றி மாற்றி நகர்த்தி ஏறும் இரண்டு துண்டுக் கருவி அருமையாக வேலை செய்யும். ஸ்டிக், பிளாட்ஃபார்ம், இருக்கை என்று தனித்தனியாக வாங்க வேண்டாம், எல்லாம் ஒன்றிலேயே அடக்கம். 20 பவுண்டு அளவில் கனக்கும், உண்மைதான். ஆனால் பழைய கிளைம்பர் ஒன்றை நல்ல நிலையில் பாதி விலைக்கு வாங்க முடிந்தால், செலவைப் பார்ப்பவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் ஒரு கயிற்றால் இணைத்தே ஏற வேண்டும். கீழ்த் துண்டு காலிலிருந்து நழுவி விழுந்துவிட்டால் மேலே அந்தரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தெற்கு மிச்சிகனிலோ ஓக்கும் ஹிக்கரியும் செர்ரியும் கோணலாகவும் தாழ்ந்த கிளைகளோடும் வளர்ந்திருக்கும். அங்கே கிளைம்பரைத் தூக்கிக்கொண்டு போனால் மரம் தேடியே பொழுது போய்விடும். ஸ்டிக்கும், இடுப்பில் கட்டிக்கொண்டு கயிற்றில் சாய்ந்து நிற்கும் பட்டையான சேடிலும் அந்த இடத்துக்குத்தான் பொருத்தம். ஆக, சேடில் எல்லோருக்கும் வேண்டியதில்லை. இப்போது எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது வாங்குவதற்குக் காரணமாகாது.

மரம் என்றதும் ஆஷ் மரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு வட அமெரிக்காவில் முதன்முதலாக 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டறியப்பட்டது. அதற்குப் பின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துப்போயின. பல இன்னும் நின்றபடியே இருக்கின்றன. நேராக, பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் உள்ளே மரம் நொறுங்கும் பதத்தில் இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கயிறும் செத்த மரத்தில் உங்களைக் காப்பாற்றாது. நவம்பரில் எல்லா மரமும் இலை உதிர்த்து நிற்கும்போது செத்தது எது, உயிருள்ளது எது என்று பிரிப்பது கடினம். அதனால் ஜூலை, ஆகஸ்டில் இலை இருக்கும்போதே நடந்து பார்த்து மரங்களைக் குறித்து வையுங்கள். பட்டை உரிந்த மரம், அடியில் காளான் தட்டுப் போல முளைத்த மரம், உச்சியில் இலையில்லாத மரம் எதுவும் வேண்டாம். இந்தத் தேர்வுக்கு ஒரு டாலர் கூடச் செலவில்லை.

கயிற்றில் மிச்சம் பிடிப்பது

சேடில் முறையில் இரண்டு கயிறுகள் உங்களை மரத்தோடு பிணைக்கின்றன. ஏறும்போது இடுப்பைச் சுற்றி மரத்தை அணைத்துப் போவது லைன்மேன் கயிறு. மேலே போனதும் மரத்தில் கட்டி, அதில் சாய்ந்து நிற்பது டெதர். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் ஒன்றை மட்டும் வாங்கி இரண்டு வேலைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆபத்து அந்த மாற்றும் கணத்தில்தான் இருக்கிறது. லைன்மேனைக் கழற்றி டெதராகக் கட்டும் அந்தச் சில நொடிகள் பதினைந்து அடி உயரத்தில் நீங்கள் எதிலும் கட்டப்படாமல் நிற்கிறீர்கள். வழியில் ஒரு கிளை குறுக்கிட்டாலும் இதே நிலைதான். இரண்டு கயிறு இருந்தால் கிளைக்கு மேலே இரண்டாவதைக் கட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு கீழே இருப்பதைக் கழற்றலாம். கால் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை ஏதாவது ஒன்று மரத்தோடு கட்டியே இருக்க வேண்டும். விழுபவர்களில் பலர் ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து பிளாட்ஃபார்முக்குக் கால் மாற்றும்போதும்தான் விழுகிறார்கள்.

இத்தனைக்கும் இது அதிகச் செலவு பிடிக்கும் பொருளே இல்லை. 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டாட்டிக் கயிறு, அதாவது அதிகம் நீளாத கயிறு, மலையேற்றக் கடைகளிலும் மரம் வெட்டுவோருக்கான கடைகளிலும் அடிக்கணக்கில் கிடைக்கும், ஒரு அடி ஒன்று, ஒன்றரை டாலர் அளவில். டெதருக்கும் லைன்மேனுக்கும் ஆளுக்குப் பத்து அடி என்று வைத்தாலும், அவற்றின் மேல் சுற்றி முடியும் மெல்லிய ப்ரூசிக் கயிறும், கொக்கி வளையமான காரபைனரும் சேர்த்து, ஒரு டஜன் நல்ல கார்பன் அம்பின் விலையைத் தாண்டாது. அம்புக்கு யோசிக்காமல் கொடுக்கும் பணத்தைக் கயிற்றுக்குக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

ஹார்டுவேர் கடையில் சுருளாகத் தொங்கும் மஞ்சள் பாலிப்ரொப்பிலீன் கயிறு, லாரிச் சாமான் கட்டும் ராச்செட் பட்டை, சாவிக்கொத்துக் காரபைனர் எதையும் உடம்பைத் தாங்கும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். காரபைனரின் முதுகில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்கும். மலையேற்றக் காரபைனர்களில் பொதுவாக 20-க்கு மேல் இருக்கும். 22 என்றால் ஏறக்குறைய 2,200 கிலோ. பொறிப்பே இல்லாத, பெயர் தெரியாத ஆன்லைன் சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாக வாங்குங்கள். இருட்டில், கையுறையோடு, திருகிப் பூட்ட மறந்துவிடுவது எளிது.

ப்ரூசிக் முடிச்சைப் பற்றியும் கொஞ்சம். 1931-இல் ஆஸ்திரியாவின் மலையேறி கார்ல் ப்ரூசிக் விளக்கிய இந்த முடிச்சு, பாரம் விழுந்தால் இறுகும், பாரம் இல்லாதபோது நகரும். ஆனால் சுற்றும் கயிறு, சுற்றப்படும் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். 11 மில்லிமீட்டர் கயிற்றில் 8 மில்லிமீட்டர் நன்றாகப் பிடிக்கும். எடை குறைக்க முதன்மைக் கயிற்றை 8 மில்லிமீட்டராக மாற்றிவிட்டு, பழைய ப்ரூசிக்கையே அதில் சுற்றுவது பெரிய தவறு. அது வழுக்கும். டைனீமா இழையில் செய்த கயிறுகள் ஸ்டிக் கட்ட அற்புதமானவை, சத்தமே வராது. ஆனால் அந்த இழை வழவழப்பானது, உராய்வுச் சூட்டில் சீக்கிரம் உருகவும் செய்யும். டெதருக்கு அது ஆகாது.

இவ்வளவு நல்ல கயிறு வாங்கிய பிறகும் ஒரு பழக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். டெதரைத் தொளதொளவென்று விடுவது. ஸ்டாட்டிக் கயிறு அதிகம் நீளாது. இரண்டு அடி தொய்வில் விழுந்தால்கூட அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். கயிற்றைப் பற்களால் கடித்துப் பிடிக்கும் கருவி வைத்திருந்தால் திடீர் இழுப்பில் கயிற்றின் உறையே கிழியக்கூடும். டெதரைக் கட்டும் இடம் தலைக்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலோ இருக்கட்டும். நின்றாலும் உட்கார்ந்தாலும் கயிறு விறைப்பாகவே இருக்கட்டும். சேடில் என்பது சாய்ந்து வேலை செய்வதற்கான பட்டை. விழுந்தால் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

உயரத்துக்கும் எடைக்கும் பணம் கொட்டுவது

இருபத்தைந்து அடி போனால்தான் மான் பார்க்காது என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. அதற்காக ஐந்தாறு ஸ்டிக் வாங்குகிறார்கள். உயரம் கூடக் கூட, மரத்துக்கு அருகில் நிற்கும் மானை நோக்கி அம்பு செங்குத்தாக இறங்கும். இரண்டு நுரையீரலையும் ஊடுருவ வேண்டிய அம்பு ஒன்றை மட்டும் தொட்டால் மான் நெடுந்தூரம் ஓடும், கிடைக்காமலேயும் போகும். ஒரு உயிரை எடுப்பதென்று போகிறவர் அது சீக்கிரம் முடியும்படி பார்க்கக் கடமைப்பட்டவர். பின்னால் கிளையும் இலையும் மறைப்பாக இருக்கும் மரத்தில், அல்லது அடியிலிருந்தே இரண்டு மூன்றாகப் பிரிந்த ஓக்கில், பதினைந்து அடி தாராளமாகப் போதும்.

பதினைந்து அடி என்று முடிவு செய்துவிட்டால் கணக்கு எளிதாகிவிடும். சுமார் 30 அங்குல நீளமுள்ள சாதாரண அலுமினிய ஸ்டிக் மூன்று அல்லது நான்கு போதும். ஒவ்வொன்றும் இரண்டரை பவுண்டு அளவில் இருக்கும். ஒரு பவுண்டு எடையுள்ள ஸ்டிக்குகளும் விற்கின்றன, விலை பல மடங்கு. அந்த வித்தியாசத்தை முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டியதில்லை. பையில் தேவையில்லாமல் போகும் பொருளை வெளியே எடுத்து வைத்தாலே சில பவுண்டு குறையும்.

ஸ்டிக்கின் அடியில் தொங்கும் நாடாப் படிகளை எய்டர் என்பார்கள். மலிவாக உயரம் கூட்ட நல்ல வழிதான். ஆனால் கால் வைத்ததும் அது மரத்துக்கு உள்பக்கமாக ஆடும். முதலில் கீழ் ஸ்டிக்கில் மட்டும் போட்டுப் பழகுங்கள். ஒரே ஸ்டிக்கை மேலே மேலே நகர்த்தி ஏறி, கயிற்றில் வழுக்கி இறங்கும் முறை புதியவர்களுக்கு இல்லை. செலவு குறைவு என்பதற்காக அதில் தொடங்க வேண்டாம்.

ஸ்டிக்கும் ஸ்டிக்கும் மோதும் சத்தம்தான் மானைத் துரத்தும். அதற்கென்று விற்கும் ஒட்டுத்துணிக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாலே போதும்.

பழைய பொருளில் எது ஆகும், எது ஆகாது

ஸ்டிக், பிளாட்ஃபார்ம் போன்ற உலோகப் பொருள்களைப் பழையதாக வாங்கலாம். பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்டாண்ட் என்றால், நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் திரும்பப் பெறும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்றும் தேடுங்கள். கயிறும் பட்டையும் எப்போதும் புதிதுதான். வெயிலில் கிடந்த நைலான் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கும், மரத்திலேயே விட்டுப்போன பட்டையை அணில் கடித்திருக்கும். முழு உடல் ஹார்னஸில் தயாரித்த தேதி அச்சிட்டிருப்பார்கள், பொதுவாக 5 ஆண்டுதான் ஆயுள். ஒருமுறை விழுந்து பிடித்த ஹார்னஸ் அதோடு முடிந்தது. சேடிலை மட்டும், தேதிச் சீட்டும் விற்பவரின் நம்பகமும் இருந்தால், தையலைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். வாங்கி ஒத்துவராமல் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அளவு பார்க்கும்போது குளிர்கால உடையோடு பாருங்கள்.

ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. தொடைப் பட்டைகள் இறுக்கி, கால்களில் இரத்தம் தேங்கி, மயக்கம் வரும். அதற்காகவே ஹார்னஸ் பெட்டியில் ஒரு சிறு கால்மிதிப் பட்டை வைத்திருப்பார்கள். அதை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். அதில் மிதித்து நின்றால் பாரம் குறையும். கைப்பேசி முதுகுப்பையில் வேண்டாம், தொங்கும்போதும் கை எட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போய்க் கட்டிக்கொண்ட பிறகு மெல்லிய கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள், அம்பு முனைகள் மூடியிருக்கட்டும்.

வாங்க நல்ல காலம் பருவம் முடிந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரியில். கடைகள் மிச்சச் சரக்கைத் தள்ளிவிடும், விட்டுவிட்டவர்களும் விற்பார்கள். கோடை முழுவதும் கையில் இருக்கும். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் முழு அமைப்பையும் கட்டி, கயிறு மாற்றுவதையும் ப்ரூசிக் நகர்த்துவதையும் பழகுங்கள். முதலில் வெளிச்சத்தில், அப்புறம் கையுறையோடு, அப்புறம் இருட்டில். இருட்டில் கை தடுமாறாமல் வந்த பிறகு உயரத்தைக் கூட்டலாம்.