ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது, பணம் எங்கே? மாணவர் சேவைத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களே திட்டமிட்டு, நிதி திரட்டி, நடத்தும் சேவைவழிக் கற்றல் திட்டங்களுக்கு, அதாவது மக்களுக்குச் சேவை செய்தபடியே பாடம் கற்கும் திட்டங்களுக்கு, யோசனை சொல்லும் வேலை என்னுடையது. ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. எங்கள் செட் மாணவர்களாக இருந்தபோது செய்தவற்றையே இப்போதைய செட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் செய்கிறது. "சீக்கிரம் தொடங்குங்கள்", "ஒற்றுமையாக இருங்கள்", "கடைசித் தேதிக்குள் விண்ணப்பியுங்கள்" என்ற அறிவுரைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதவரை இந்தக் கட்டுரையும் திருத்தாது.

தேவையை வகுப்பறையில் முடிவு செய்வது

வெள்ளைப் பலகையில் ஐந்தாறு யோசனைகளை எழுதுவார்கள். மரக்கன்று நடுதல், கணினிப் பயிற்சி, படிப்பகம், சுவரில் ஓவியம். கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கும். ஜெயித்த யோசனையைத் தூக்கிக்கொண்டு அதற்கேற்ற மக்களைத் தேடிப் புறப்படுவார்கள். அந்த மக்களில் ஒருவர்கூட அந்த அறையில் இருந்திருக்க மாட்டார்.

சேவைவழிக் கற்றலின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979இல் மூன்று கொள்கைகளை முன்வைத்தார். அதில் முதலாவதே, என்ன சேவை என்பது சேவையைப் பெறுபவர்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதுதான். அதற்கும் முன்பே, 1968இல், மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் சமூக விமர்சகர் இவான் இல்லிச் இன்னும் காட்டமாகப் பேசினார். தன்னார்வத் தொண்டுக்காக வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடம், சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவும் அந்தப் பேச்சை ஒருமுறை கேட்டுச் சங்கடப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேரில் போய்க் கேட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பதில் மரியாதைக்காக வரும். "கணினி வகுப்பு எடுக்கட்டுமா?" என்று கேட்டால் "எடுங்க தம்பி, நல்லதுதானே" என்பார்கள். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டு வருவார்கள் நம் பிள்ளைகள். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: "போன மாதம் எந்த வேலைக்காக ஒருநாள் கூலியை விட்டீர்கள்?" ஒரு குழு இப்படிக் கேட்டபோது, வீடு வீடாக வந்த பதில் ஒன்றுதான். விண்ணப்பப் படிவத்தில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. அதைத் திருத்த அலைந்த நாள்களே அதிகம். கணினிப் பயிற்சிக்குத் தயாராகிப் போன பிள்ளைகள் வாரத்தில் ஒரு மாலை படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசை போட்டார்கள். செலவு பாதியாகக் குறைந்தது, கூட்டம் குறையவில்லை.

டி-ஷர்ட்

முதல் செலவாக அது வேண்டாம். கடைசிச் செலவாகவும் வேண்டாம்.

ஒப்புதல் கடிதத்தைப் பணமாக எண்ணுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நிதி தரும் அமைப்பிடமிருந்து கடிதம் வரும். முதல் பக்கத்தில் வாழ்த்தும் ஒரு தொகையும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கைதட்டல் பொம்மைகள் குவியும். அன்று மாலையே ஆர்டர் போய்விடும். இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஒப்பந்தத்தில் எப்போது கையெழுத்திட வேண்டும், எந்தத் தேதியிலிருந்து செய்யும் செலவு செல்லும், பணம் எத்தனை தவணையில் வரும், யார் பெயரில் பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும்.

பணம் வருவதில் பொதுவாக மூன்று வகை உண்டு. மொத்தத்தையும் முன்பணமாகத் தருவது ஒன்று. சிறு தொகைகளுக்கு மட்டுமே இப்படி நடக்கும். தவணையாகத் தருவது இன்னொன்று. முதல் தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகே அடுத்தது கிடைக்கும். மூன்றாவது, நீங்கள் முதலில் செலவழித்துவிட்டு பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது. இந்த மூன்றாம் வகை, கையில் காசில்லாத மாணவர் குழுவுக்குக் குழி. விண்ணப்பிக்கும்போதே எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் காலை விடக் கூடாது.

ஒரு குழு. சிறுவர்களுக்கான வாசிப்பு அறை. பொருளாளர் இரண்டாம் ஆண்டு மாணவி, பேருந்துச் சீட்டைக்கூட நோட்டில் ஒட்டிவைக்கும் ரகம். கடிதம் வந்த உற்சாகத்தில் திறப்பு நாளை அந்தப் பகுதி மக்களிடம் அறிவித்துவிட்டார்கள். அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. பிறகுதான் தெரிந்தது, பணம் கல்வி நிறுவனத்தின் கணக்குக்கு வரும், அங்கிருந்து எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார் என்று. தச்சர் என்ன செய்வார்? மரம் வாங்கிய காசு அவர் கைக்காசு. அவர் வந்து நின்றபோது, அந்தப் பெண் அடுத்த பருவத்துக் கட்டணத்துக்காக வீட்டில் கொடுத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பத்து நாளில் திரும்பிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தான தேதிக்கு முன்பே அலமாரி வாங்கப்பட்டிருந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய செலவு செல்லாது என்றார்கள். புத்தகங்களுக்கான பில் திட்டத்தின் பெயரில் இல்லை, அவள் சொந்தப் பெயரில் இருந்தது. இன்னொரு ரசீதில் "சாமான்கள்" என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆனது. குழுவில் இருந்தவர்கள் "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போனார்கள். பொறுப்பாசிரியர், "ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவள் சொல்லியிருந்தாள். வாசிப்பு அறையின் படம் ஆண்டறிக்கையில் வண்ணத்தில் வந்தது. அவளுக்கு வராமல் போன பணம் எந்த அறிக்கையிலும் வரவில்லை.

என் எரிச்சல் அந்தப் பெண்மேல் இல்லை. குழுவிலேயே கவனமாக இருந்தவள் அவள்தான். பட்ஜெட் போடக் கற்றுக்கொடுக்கிறோம், பணம் எப்போது கைக்கு வரும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பதில்லை. அந்த இடைவெளியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவரின் வீட்டுப் பணம் போய் விழுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு தாளில் மாதங்களைக் குறுக்கே எழுதுங்கள். மேல் வரியில் அந்த மாதம் கைக்கு வரும் பணம், கீழ் வரியில் அந்த மாதம் வெளியே போகும் பணம். மொத்தத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஆனதும் 40, பாதியில் 40, இறுதி அறிக்கைக்குப் பிறகு 20 என்பது தவணை ஏற்பாடு. முதல் இரண்டு மாதச் செலவு 55 என்றால், பட்ஜெட் சரியாக இருந்தும் 15 உதைக்கும். கடைசி 20 எப்படியும் வேலை முடிந்த பிறகுதான் வரும். அதுவரை அந்தச் செலவைத் தாங்குபவர் யார் என்று அந்தத் தாளிலேயே பெயர் எழுத வேண்டும். கல்வி நிறுவனம் முன்பணம் தருமா, பொருள் தருபவர் எழுத்தில் அவகாசம் கொடுப்பாரா, கொள்முதலை இரண்டாகப் பிரித்துத் தள்ளிப்போடலாமா, திட்டத்தின் அளவையே சுருக்கலாமா? பதில் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மாணவரின் பெயர் மட்டும் அங்கே வரக் கூடாது.

கடிதம் கிடைத்த அன்றே நிதி தருபவருக்கு மின்னஞ்சலில் சில கேள்விகள் போக வேண்டும். எந்தத் தேதியிலிருந்து செய்யும் செலவு கணக்கில் சேரும்? பில் யார் பெயரில்? ஒரு தலைப்பில் மிஞ்சுவதை இன்னொன்றுக்கு மாற்றலாமா, எவ்வளவு வரை? மீதியைத் திருப்பித் தர வேண்டுமா? தொலைபேசியில் கேட்டால் பதில் இனிமையாக இருக்கும். கணக்கு முடிக்கும்போது அந்த இனிமையை ஒட்டிக்காட்ட முடியாது. எழுத்தில் வாங்குங்கள். பதில் வரும்வரை ஒரு ஆணிகூட வாங்காதீர்கள். மக்களிடம் தேதி சொல்வதையும் முதல் தவணை கணக்கில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பங்காக ஒரு தொகை காட்டச் சொல்லும் நிதியுதவிகளும் உண்டு. மாணவர் உழைப்பை, இலவசமாகக் கிடைத்த அறையை, இரவல் பொருள்களை அந்தப் பங்கில் சேர்க்கச் சிலர் அனுமதிப்பார்கள். ஆனால் தேதி, நேரம், கையெழுத்துடன் வருகைப் பதிவு இருந்தால்தான் அது செல்லும். கடைசி வாரத்தில் ஒரே பேனாவில் எல்லாக் கையெழுத்தையும் போட்டு நிரப்பிய பதிவேட்டைத் தணிக்கை செய்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

"இதர செலவுகள்"

பெயர் வையுங்கள். பெயர் இல்லாத செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

திறப்பு விழாவோடு முடியும் பட்ஜெட்

நாடாவை வெட்டும் கத்தரிக்கோல் வரைக்கும் கணக்கு இருக்கும். மறுநாள் பல்பு போனால் யார் மாற்றுவது என்பதற்கு இருக்காது.

மாணவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. சிறுவர்கள் ராட்டினம்போலச் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் மேலே ஏறும். 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் பெரும் தொகையை அறிவித்தன. 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் என்பது இலக்கு. பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய வழி இல்லை, உதிரிப் பாகம் கிடைப்பது பாடு. விளையாடச் சிறுவர் இல்லாத நேரத்தில் பெண்களே அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. சாதாரணக் கைப்பம்பே தேவலை என்ற குரல்கள் எழுந்தன. முக்கிய ஆதரவாளரான கேஸ் அறக்கட்டளை, திட்டம் எதிர்பார்த்தபடி போகவில்லை என்று 2010இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அத்தனை நிபுணர்களும் பணமும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

பட்ஜெட்டில் ஒரு வரி போதும்: திறந்த பிறகு ஓராண்டுக்கு என்ன செலவு, அதைக் கொடுப்பவர் யார். அந்த வரிக்குப் பதில் இல்லையென்றால் கட்டுவதை விட்டுவிட்டு, ஒரு பருவத்தோடு தானே முடிந்துபோகிற வேலையைத் தேர்ந்தெடுங்கள். முன்பு சொன்ன படிவ மேசை அப்படிப்பட்டது. நிறுத்தினால் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

கற்றலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938இலேயே எழுதினார். கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984இல் அதையே ஒரு சுழற்சியாக விரித்தார்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருவது, அந்தக் கருத்தை மறுபடி செய்துபார்ப்பது. நம் குழுக்களில் முதல் படியும் சான்றிதழும்தான் நடக்கின்றன. கடைசி வாரத்தில் உட்கார்ந்து "இத்திட்டம் எனக்குப் பல பாடங்களைக் கற்பித்தது" என்று எழுதுவார்கள். என்ன பாடம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

திரும்பி வரும் வழியிலேயே பேசிவிடுங்கள். இன்று எதிர்பாராதது என்ன? நாம் சொன்னதை யார் மறுத்தார்? அடுத்த முறை எதை மாற்றுவோம்? மூன்றாம் கேள்விக்கு வந்த பதில் அடுத்த வாரத் திட்டத்தில் இடம்பெறவில்லை என்றால் அந்தப் பேச்சு வெறும் அரட்டை. இந்தக் குறிப்புகளைத் தேதியோடு வைத்திருந்தால் இறுதி அறிக்கை பாதி தானாகவே தயாராகிவிடும், முன்பு கணக்கில் பார்த்த கடைசித் தவணை 20ஐ வாங்கித் தருவதும் அந்த அறிக்கைதான்.

புகைப்படம்

கேட்டு எடுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வையுங்கள்.

யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்காதது

மாணவர் திட்டத்தில் எல்லோருமே ஒருநாள் படித்து முடித்துப் போய்விடுவார்கள். அது முதல் நாளே தெரிந்த செய்தி. ஆனாலும் மின்னஞ்சல் கடவுச்சொல் போன செட் தலைவரிடம் இருக்கும், அலமாரிச் சாவி அவர் ஊரில் இருக்கும், பில் கோப்பு விடுதிக் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

ஜூனியர் ஒருவரைப் பாதியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவில் அல்ல. கணக்குப் புத்தகத்தைக் கடைசி இரண்டு மாதம் அவர் எழுதட்டும், பழைய பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தட்டும். அந்தப் பகுதியில் உங்களுக்குக் கதவு திறந்துவிட்டவர்களின் தொலைபேசி எண்களை மட்டும் கொடுத்துவிட்டு நகராதீர்கள். நேரில் கூட்டிப்போய், "இனிமேல் இவங்கதான் வருவாங்க அக்கா" என்று முகம் காட்டிவிட்டு வாருங்கள். அவர் புது ஆளை நம்பிப் பேசத் தொடங்க ஒன்றிரண்டு சந்திப்பு ஆகும். அதற்கான போக்குவரத்துச் செலவையும் பட்ஜெட்டில் பெயர் போட்டு எழுதிவையுங்கள்.