காதோரக் கட்டியும் உமிழ்நீர்ச் சுரப்பி அறுவையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் தலை, கழுத்து அறுவைச் சிகிச்சை செய்பவர்களுக்கு, பேரணாம்பட்டிலிருந்தோ ஆரணியிலிருந்தோ காதுக்கு முன்னால் ஒரு கட்டியோடு வந்து அமரும் நோயாளி புதியவரல்லர். எங்கள் தலைமுறை மருத்துவர்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே இன்று தொழிலுக்கு வரும் இளையவர்களும் செய்வதையும், அதற்கு நோயாளிகளே வற்புறுத்தி வழி திறந்துவிடுவதையும் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வெறும் வயிற்றோடு வருவது, சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்வது போன்றவற்றை எந்த மருத்துவமனையிலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டியை மட்டும் எடுப்பது

காது மடலுக்குக் கீழே வலியில்லாமல் நகரும் கட்டி ஒன்று தென்பட்டால், அது கொழுப்புக் கட்டி என்றோ நெறி கட்டியிருக்கிறது என்றோ வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். "சின்னக் கட்டிதானே டாக்டர், ஒரு ஊசி போட்டு எடுத்துவிட முடியாதா?" என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் உள்ள கட்டியை, வேறொன்று என்று உறுதியாகும் வரை, பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியாகவே கருத வேண்டும். அச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்றுநோய் அல்லாதவை என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் அவற்றுள் மிகுதியாக வரும் பிளியோமார்ஃபிக் அடினோமா என்னும் கட்டி, சாதுவாக இருந்துகொண்டே தவறான அறுவைக்குப் பின் பல ஆண்டுகள் தொல்லை தரக்கூடியது. அதன் உறை மெல்லியது, சில இடங்களில் முழுமையற்றது. கண்ணுக்குத் தெரியாத சிறு புடைப்புகள் உறையைத் தாண்டிச் சுரப்பிக்குள் நீண்டிருக்கும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் அப்புடைப்புகள் உள்ளேயே தங்கிவிடும். உறை கிழிந்தாலோ உயிரணுக்கள் புண்ணெங்கும் சிந்திவிடும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்படித் தோண்டி எடுப்பதே வழக்கமாக இருந்தபோது, ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி திரும்ப வந்தது. முக நரம்பை முதலில் கண்டறிந்து, கட்டியைச் சுற்றியுள்ள சுரப்பித் திசுவோடு சேர்த்து எடுக்கும் முறை வந்த பிறகு, அது நூற்றில் சிலருக்கு என்னும் அளவுக்குக் குறைந்தது.

முக நரம்பு மண்டையோட்டின் அடியிலிருந்து வெளிவந்து, இச்சுரப்பிக்குள் நுழைந்து, நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து ஆகியவற்றின் தசைகளுக்குப் போகும் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. இரண்டு சென்டிமீட்டர் கீறலுக்குள் அந்த நரம்பைப் பார்க்க முடியாது. மரத்துப்போகும் மருந்து நரம்பையும் செயலிழக்கச் செய்வதால், அதைத் தொட்டாலும் முகம் துடித்துக் காட்டிக்கொடுக்காது.

குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்மணிக்கு இப்படித்தான் ஒரு சிறிய மருத்துவமனையில் அரைமணி நேரத்தில் கட்டி எடுக்கப்பட்டது. எடுத்ததை உறவினர்களுக்குக் காட்டிவிட்டு, திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர் எங்களிடம் வந்தபோது, பழைய தழும்பின் அடியில் கேழ்வரகைச் சிந்தியதுபோல் சிறு சிறு கட்டிகள் பரவியிருந்தன. முதல் முறையே சரியாகச் செய்திருந்தால் சில மணி நேரத்தில் முடிந்திருக்கும் அறுவை, தழும்புத் திசுவுக்குள் நரம்பைத் தேடித் தேடி ஒரு பகல் முழுவதும் நீண்டது. கட்டியோடு ஒட்டிக்கிடந்த கீழுதட்டுக் கிளையைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் டீ குடித்தால் வாயோரம் ஒழுகுகிறது என்று அவர் முந்தானையால் துடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கட்டி சிறியதாக இருப்பதால் அறுவையும் சிறியதாக இருக்கலாம் என்னும் எண்ணத்தின் மீதான கோபம் அது.

சிறிய, மேலோட்டமான கட்டியை, பொது மயக்க மருந்து கொடுத்து, நரம்பைக் கண்காணிக்கும் கருவியின் துணையோடு, சுற்றியுள்ள திசுவின் ஓரத்தையும் சேர்த்து அனுபவமுள்ளவர்கள் எடுப்பது வேறு. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: முக நரம்பை எப்படிக் காப்பீர்கள்? எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? தெளிவான விடை இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிப் பரிசோதனையைத் தட்டிக்கழிப்பது

கட்டியிலிருந்து சில உயிரணுக்களை மட்டும் உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் மெல்லிய ஊசிப் பரிசோதனையை, நோய் பரவிவிடும் என்று அஞ்சி மறுக்காதீர்கள். உறை கிழிந்து உயிரணுக்கள் சிந்திவிடும் என்பதால், கட்டியைக் கீறித் துண்டெடுப்பதுதான் இங்கே கூடாது.

பொன்னுக்கு வீங்கி என்று காத்திருப்பது

பொன்னுக்கு வீங்கியில் காய்ச்சலும் வலியும் இருக்கும். வீக்கம் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டும் பற்றுப் போட்டும் மாதக்கணக்கில் காத்திருந்தும் வடியாத வலியற்ற கட்டி பொன்னுக்கு வீங்கி அல்ல. திடீரென வேகமாக வளர்தல், விடாத வலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவை புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சாப்பிடும்போது மட்டும் தாடைக்குக் கீழே வீங்கிப் பின் வடிந்தால், பெரும்பாலும் அது அங்குள்ள சுரப்பியில் கல் அடைத்ததால் வருவது.

வாய் வறண்டுவிடும் என்று அஞ்சுவது

மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் இருக்கின்றன. ஒன்றை எடுப்பதால் வாய் வறளாது.

விழித்ததும் கண்ணாடியைப் பார்த்துக் கலங்குவது

நரம்பு முழுமையாகக் காக்கப்பட்டிருந்தாலும், அதைத் தொட்டுப் பிரித்ததன் விளைவாகச் சிலருக்குப் புன்னகை கோணலாகவும் கண் சரியாக மூடாமலும் இருக்கும். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். அதுவரை கண்ணைக் காப்பதே முக்கியம். சொட்டு மருந்தை விட்டுவிட்டு, வேலூர் வெயிலிலும் புழுதியிலும் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் கருவிழிப் புண்ணோடு திரும்பி வந்திருக்கிறார்கள். இரவில் இமையை மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும். காது மடல் மரத்திருப்பதும் எதிர்பார்க்க வேண்டியதே: தோட்டின் திருகாணி அழுத்துவது பெண்களுக்கும், சவரக் கத்தி பட்டது ஆண்களுக்கும் தெரியாமல் போகும். கசிவை வெளியேற்றும் குழாயைப் பொதுவாக ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். தையல் பிரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

வீடு திரும்பியதும் ஆம்பூர் பிரியாணியும் புளித்த கத்தரிக்காய்க் குழம்பும்

புளிப்பு உமிழ்நீரைப் பெருக்கும். எஞ்சிய சுரப்பியிலிருந்து அது தோலுக்கடியில் தேங்கி வீங்கும். சில வாரம் பொறுங்கள்.

சாப்பிடும்போது கன்னம் வியர்ப்பதை மறைப்பது

அறுவை முடிந்து பல மாதங்கள் கழித்து, உணவு உண்ணும்போது காதுக்கு முன்னால் சிவந்து வியர்ப்பதைக் கண்டு, புண் உடைந்துவிட்டதென்று அஞ்சுபவர்களும், வெட்கத்தால் விருந்துகளுக்கே போகாதவர்களும் உண்டு. உமிழ்நீரைச் சுரக்கச் செய்த நரம்பிழைகள் மீண்டும் வளரும்போது தோலின் வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துவிடுவதால் இது நேர்கிறது. போலந்து நாட்டு நரம்பியல் மருத்துவரான லூசியா ஃப்ரே 1923இல் விரிவாக விளக்கியதால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. தோலில் போடும் போட்டுலினம் ஊசி பல மாதங்களுக்கு இதைக் கட்டுப்படுத்தும்; மருத்துவரிடம் சொன்னால் போதும்.

திசு அறிக்கையைத் தொலைப்பது

கட்டி பத்தாண்டு கழித்தும் திரும்பலாம். அன்று உங்களைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நிலப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.