புச்சி எமெச்செட்டாவைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயல்நாட்டு எழுத்தாளர்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தும் கட்டுரைகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பதால், நைஜீரிய நாவலாசிரியை புச்சி எமெச்செட்டாவைப் பற்றிப் புதியவர்கள் எழுதுவது அவ்வப்போது என் மேசைக்கு வருகிறது. எங்கள் தலைமுறை இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டு, அச்சுப்பிழை போன்றவை தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

அடாவை எமெச்செட்டா என்று எழுதுவது

1972-இல் வெளிவந்த ‘இன் த டிச்’, 1974-இல் வெளிவந்த ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ ஆகிய இரண்டு நாவல்களுக்கும் நாயகி அடா என்ற இக்போ இனப் பெண். லாகோஸில் வளர்ந்து, இளம் வயதிலேயே மணமாகி, கணவனைத் தேடி லண்டனுக்கு வந்து, நூலகத்தில் வேலை பார்த்து, கடைசியில் குழந்தைகளோடு தனித்து வாழ்பவள் அவள். எமெச்செட்டாவும் 1944-இல் லாகோஸில் பிறந்து, 16 வயதில் சில்வெஸ்டர் ஒன்வோர்டியை மணந்து, 1962-இல் இரண்டு குழந்தைகளுடன் லண்டன் சென்று, 22 வயதில் ஐந்தாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது கணவரைப் பிரிந்தவர். இத்தனை ஒற்றுமையைக் கண்ட புதியவர், எமெச்செட்டாவின் வாழ்க்கையில் தமக்குத் தெரியாத இடங்களை எல்லாம் அடாவின் வாழ்க்கையிலிருந்து எடுத்து நிரப்பிவிடுகிறார்.

இளைஞர் ஒருவர் அனுப்பிய கட்டுரையில், எமெச்செட்டா ‘புஸ்ஸி கேட் மேன்ஷன்ஸ்’ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்ததாகவும், நீதிமன்றத்திலிருந்து வெளியேறிய நாளில் காம்டன் டவுனில் எதிர்ப்பட்ட பழைய நண்பர் ஒருவர் டாக்ஸிக்குப் பணம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியதாகவும் எழுதப்பட்டிருந்தது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். “அவருடைய சுயசரிதையில்தான், ஐயா” என்று கூறி, இரண்டு நாவல்களின் பக்க எண்களைக் கொடுத்தார். குடியிருப்பின் பெயர் முதல் நாவலில் வருவது. டாக்ஸி, இரண்டாம் நாவலின் முடிவு.

எனக்கு எரிச்சலூட்டுவது தகவல் பிழை மட்டுமன்று. அந்த நண்பர் பணம் கொடுப்பது, அடா இன்னமும் கணவனோடுதான் வாழ்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. கணவனிடமிருந்து விடுபட்ட அன்றே, இன்னாரின் மனைவி என்ற பெயரில்தான் அவளுக்கு வீட்டுக்குப் போக வண்டி கிடைக்கிறது. இப்படியொரு கசப்பான நகைப்பில் கதையை நிறுத்தியது ஒரு நாவலாசிரியையின் தேர்வு; அதை நடந்த சம்பவமாக எழுதியதும், அவர் வாழ்ந்ததை அப்படியே இறக்கிவைத்தவராகிவிடுகிறார், எழுதியவராக இருப்பதில்லை. சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவல் நாயகன் ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான் என்பதற்காக அச்செபேயின் வாழ்க்கைக் குறிப்பில் யாரும் கயிற்றைக் கொண்டுவருவதில்லை. பெண் எழுதினால் மட்டும் நாவல் நாட்குறிப்பாகிவிடுகிறது.

இதன் சேதம் ஒரு கட்டுரையோடு முடிவதும் இல்லை. அச்சான வரியை அடுத்தவர் மேற்கோள் காட்டுவார், அவரை ஓர் ஆய்வேடு மேற்கோள் காட்டும்; அதன்பின் அந்த டாக்ஸியைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது.

வாழ்க்கைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அவர் 1986-இல் வெளியிட்ட தன்வரலாறு ‘ஹெட் அபவ் வாட்டர்’ இருக்கிறது. அவருடைய முதல் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்தது நாவலிலும் வருகிறது, வாழ்விலும் நடந்தது. அதைக் கூட நாவலை நம்பி எழுதாதீர்கள்; எமெச்செட்டா தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே கூறியதாக எழுதுங்கள். நாவலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அடாவின் பெயர் இருக்கட்டும்.

வெளியான வரிசையை வாழ்க்கை வரிசையாகக் கொள்வது

முதலில் வெளிவந்த ‘இன் த டிச்’, கணவனைப் பிரிந்த பிந்தைய காலத்தைச் சொல்கிறது. இரண்டாவதாக வந்த ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ அதற்கு முந்தைய கதை. கணவர் எரித்த அந்த முதல் பிரதியான ‘த பிரைட் பிரைஸ்’ மீண்டும் எழுதப்பட்டு 1976-இல்தான் வந்தது. முதலில் எழுதியது மூன்றாவதாக அச்சேறியது என்பதைக் கவனிக்காமல் ‘எழுத்தின் வளர்ச்சி’ என்று பத்தி பத்தியாக எழுதுவது வீண்.

துயரத்தோடு நிறுத்திவிடுவது

பல கட்டுரைகள் அவர் கணவரைப் பிரிந்த 1966-இலேயே முடிந்துவிடுகின்றன. 1965 முதல் 1969 வரை பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலகப் பணி செய்ததும், ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றதும், ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் எழுதிய பத்திகளிலிருந்து முதல் நாவல் உருவானதும், பின்னாளில் மகனோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் தொடங்கியதும் ஒரே வரியில் அடைபடுகின்றன, அல்லது அதுவும் இல்லை. பரிதாபப்படுவது எளிது, அவர் செய்த வேலையை விவரிக்கத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

‘த ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ தாய்மையைப் போற்றும் நாவல் என்பது

பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த நாயகி ந்னு ஈகோ சாலையோரத்தில் தனியே இறக்கிறாள். கடைசிவரை படியுங்கள்.

ஆப்பிரிக்காவின் முதல் பெண் நாவலாசிரியை என்பது

அல்லர். நைஜீரிய எழுத்தாளர் ஃபுளோரா ந்வாபாவின் ‘எஃபுரு’ நாவல் 1966-இலேயே வந்துவிட்டது.

பியாஃப்ராப் போரை நேரில் கண்டவர் என்பது

1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த அந்த உள்நாட்டுப் போரின்போது அவர் லண்டனில் இருந்தார். 1982-இல் வெளிவந்த ‘டெஸ்டினேஷன் பியாஃப்ரா’ நாவலைத் தொலைவிலிருந்தே எழுதினார். நேரில் காணாத போரை எழுதத் துணிந்தார் என்று சொன்னால் அவர் மதிப்பு குறையாது.

பிறந்த ஊர் இபூசா என்பது

அது பெற்றோரின் ஊர்.