கோதுமை மாவில் மூளை செய்து பழகுவோம்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மூளையின் படத்தைப் பார்த்துப் பெயர்களைப் பாடமாக்கிவிடுகிறார்கள். அதே படத்தைத் திருப்பிக் காட்டினால் தடுமாறுகிறார்கள். ஒருமுறை கையால் செய்தால் எது எங்கே என்பது மறக்காது.

தேவை: இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர், கேக்குக்குப் போடும் கலரிங்.

1. ரொட்டிப் பதத்தில் பிசையுங்கள். மாரி காலத்தில் மட்டக்களப்புக் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துவிடும். தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள். ஆறாகப் பிரித்து நிறம் சேருங்கள். முன்பகுதிக்கான உருண்டை பெரிதாக இருக்கட்டும்.

2. இனி மூளையம், அதாவது பெருமூளை. நெற்றிக்குப் பின்னால் முன்பகுதி, உச்சியில் சுவர்ப்பகுதி, காதோரத்தில் பக்கப்பகுதி, பின்னந்தலையில் பிடரிப்பகுதி. இப்படி இடப்பாதியைச் செய்து, பிறகு வலப்பாதியை ஒட்டுங்கள்.

3. முன்பகுதிக்கும் சுவர்ப்பகுதிக்கும் நடுவே நூலால் ஒரு பள்ளம் அழுத்துங்கள். இதுதான் முக்கியமான கோடு. அதன் முன்பக்கப் பட்டை உடலை அசைக்கிறது, பின்பக்கப் பட்டை தொடுகையை உணர்கிறது. இடப்பாதி வலது கைகாலையும், வலப்பாதி இடது கைகாலையும் பார்த்துக்கொள்ளும்.

4. இடது முன்பகுதியின் கீழ்ப்புறத்தில் ஒரு புள்ளி வையுங்கள். போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல் ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பின் ஆராய்ந்தார். பிறர் பேச்சை விளங்கிக்கொண்ட அந்த மனிதரால் 'டான்' என்பதைத் தவிர வேறெதுவும் அநேகமாகச் சொல்ல முடிந்ததில்லை. சேதம் இருந்தது இந்த இடத்தில்தான்.

5. பின்னால், கீழே, மூளி (சிறுமூளை). அதற்கு முன்னால் தண்டு போல நீள்வளைய மையவிழையம் (முகுளம்). அது முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணோடு தொடரும்.

சரி, இப்போது வடமோடி என்னும் நாட்டுக்கூத்தை ஆடும் ஒருவரை நினைத்துக்கொண்டு மாதிரியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லுங்கள். மத்தள அடி போய்ச் சேர்வது பக்கப்பகுதிக்கு. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் சைகையைக் கண் வாங்கினாலும் அது காட்சியாவது பிடரிப்பகுதியில். காலைத் தூக்கச் சொல்வது பள்ளத்தின் முன்பட்டை. சுழன்று ஆடும்போது விழாமல், அடி தாளத்தில் விழும்படி திருத்திக்கொண்டே இருப்பது மூளி. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் நரம்புக் கலங்களில் பாதிக்கு மேல் அங்கேதான்! விடிய விடிய ஆடும் அவருடைய மூச்சையும் இதயத் துடிப்பையும், அவர் நினைக்காமலே, நீள்வளைய மையவிழையம் கவனிக்கிறது.

6. நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்ததும் ஈரம் படாதபடி வார்னிஷ் பூசலாம்.