அட்லாண்டிக் நடுவே ஆறு பகல்கள்: கடல்நாட்களை நிதானமாக அனுபவிக்கும் வழி

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்கிற்குக் குவீன் மேரி 2 கப்பல் வழக்கமாக ஏழு இரவுகளில் சென்று சேர்கிறது. வழியில் துறைமுகம் எதுவும் இல்லாததால், நடுவே வரும் ஆறு பகல்களும் முழுக்கக் கடலிலேயே கழிகின்றன. இத்தனை நாள் பொழுது எப்படிப் போகும் என்று கேட்டுக்கொண்டே ஏறுகிறவர்களில் பலர், நிகழ்ச்சிநிரலைத் துரத்திக் களைத்துப் போய் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் திசையை முடிவு செய்யுங்கள். மேற்கு நோக்கிச் செல்லும்போது ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அதாவது ஐந்து முறை உங்களுக்கு 25 மணி நேர நாள் கிடைக்கிறது. கிழக்கு நோக்கி வந்தால் அதே ஐந்து மணி நேரத்தை ஒவ்வொன்றாக இழக்க வேண்டியிருக்கும். ஓய்வுக்காகவே பயணம் என்றால் மேற்குத் திசையைத்தான் பரிந்துரைப்பேன்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டலுக்கான மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வயிறு புரட்டத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகும் தலை சுற்றினால் அறைக்குள் படுத்துக் கிடக்காமல், வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி உட்காருங்கள்.

எங்கே உட்காருவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேற்கே போகும் கப்பலுக்குத் தெற்கு இடப்புறம் அமைவதால், நண்பகல் வெயில் அந்தப் பக்கத்தில்தான் விழும். வட அட்லாண்டிக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசுகிறது. அதனுடன் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் அளவிலான கப்பலின் வேகமும் சேர்ந்து முகத்தில் அறையும். ஆகவே ஜூன் மாதத்திலும் காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று கட்டாயம் தேவை. ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றி நடக்கும் பாதையை மூன்று முறை வலம் வந்தால் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் ஆகிவிடும். காலை உணவுக்கு முன் அவ்வளவு போதும்.

மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சிட்ட தாள் இரவே கைக்கு வந்துவிட்டால், அதில் இரண்டே இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்; கப்பலில் இருக்கும் கோளரங்கம் அவற்றில் ஒன்றாக ஒருநாள் இருக்கட்டும். கைப்பேசியைத் துறைமுகத்திலேயே விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், ஏனெனில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்புக்குத் தானாக மாறிவிட்டால் கட்டணம் கனமாக வரும். அதற்கு மாற்றாகத் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டு செல்லலாம். இல்லையென்றாலும் கப்பலின் நூலகம் பெரியது.

நண்பகல் வேளையில் மட்டும் எங்கிருந்தாலும் காது கொடுங்கள். கப்பல் அப்போது இருக்கும் இடம், காற்றின் வேகம், கடலின் ஆழம் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஒரு சிறிய நோட்டில் நாள்தோறும் அவற்றை எழுதி வந்தால், கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் நீர்ப்பரப்பின் அடியில் ஒரு நிலம் உருவாகும். ஐரோப்பாவின் கண்டத்திட்டில், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளத்தில், 200 மீட்டருக்குள் இருந்த ஆழம், அதைத் தாண்டியதும் 4,000 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு அருகே கிராண்ட் பேங்க்ஸ் என்னும் கடலடி மேட்டின் மேல் சென்றால் மறுபடியும் 100 மீட்டருக்குக் குறைகிறது. அங்கே லாப்ரடார் குளிர் நீரோட்டத்தின் மேல் வெப்பக் காற்று படிந்து, அடர்ந்த மூடுபனி எழுவது வழக்கம். அப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது கப்பல் நீளமாகச் சங்கொலி எழுப்ப வேண்டும் என்பது கடல் விதி. ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் ஏந்தி, கைப்பிடிக் கம்பியில் பனித்துளிகள் கோத்து நிற்பதைப் பார்த்தபடி, அடுத்த ஒலிக்காகக் காத்திருந்த ஒரு பிற்பகலுக்கு ஈடாக வேறெந்தக் கேளிக்கையும் எனக்கு வாய்த்ததில்லை.

கடைசி இரவில் சீக்கிரம் உறங்குங்கள். விடியும் முன்பே கப்பல் நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெராசானோ பாலத்தின் அடியில் புகும்; புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீட்டரே இருக்கும். பெட்டிகளை முந்தைய இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள் என்பதால், அந்த ஜாக்கெட்டை மட்டும் மறக்காமல் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.