பென்ஸுக்குப் பாட்ஸ் வாங்கப் போகிறீர்களா?

கொழும்பில் வாகனப் பாட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பென்ஸ் ஹெட்லைட், பம்பர் தேடுகிறவர்கள் காரின் படத்தைக் காட்டாமல் சேசிஸ் நம்பரை, அதாவது ஒவ்வொரு காருக்கும் உள்ள 17 இடத் தனி எண்ணை, காட்டுங்கள். அதில் 4, 5, 6ஆம் இடங்களில் இருப்பதுதான் மாடல் குறியீடு: 205 சி கிளாஸ், 213 ஈ கிளாஸ், 222 எஸ் கிளாஸ். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம், பழகிய கடைக்காரரே தடுமாறுவார். ஆனால் அளவு வேறு. ஒன்றின் விளக்கு மற்றதில் உட்காராது. நம்பர் முன்கண்ணாடியின் அடியோரத்திலேயே தெரியும், பொனட்டைத் திறக்கவும் தேவையில்லை.

2018இல் சி கிளாஸின் ஹெட்லைட்டை மாற்றினார்கள், குறியீடு மட்டும் அதே 205தான். அதனால் விளக்கு வாங்கும்போது 17 இடங்களையும் முழுசாகக் கொடுங்கள். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த வண்டிகளில் அந்த 4, 5, 6ஆம் இடங்களில் எழுத்துகளும் வரும். அவற்றுக்கு இந்த வழி சரிவராது.