காணாமல் போன 568 வரிசைகள்: எகனாமிக் கன்சல்டிங் இன்டர்ன்ஷிப் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

இந்த செப்டம்பரில் ஏழு மாணவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ எடுத்தேன். எல்லோரும் அமெரிக்காவில் எகனாமிக்ஸ் படிப்பவர்கள், அடுத்த கோடைக்கு எகனாமிக் கன்சல்டிங் நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப் தேடுபவர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தேனோ, அதே இடத்தில் ஏழில் ஐந்து பேர் விழுந்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ரெஸ்யூமேயில் எழுத்துப்பிழை, தாமதமாக வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

'கன்சல்டிங்' என்ற பெயரை நம்பித் தயாராவது

மெக்கின்சி, பெயின் போன்ற மேனேஜ்மென்ட் கன்சல்டிங் நிறுவனங்களின் இன்டர்வியூவுக்குப் படிக்கிற அதே புத்தகங்களைப் படித்துவிட்டு வருகிறார்கள். எதைக் கேட்டாலும் "வரவு, செலவு என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன்" என்று தொடங்குகிறார்கள். இங்கே கேள்வியே வேறு. கார்னர்ஸ்டோன் ரிசர்ச், அனாலிசிஸ் குரூப், பிராட்டில், சார்ல்ஸ் ரிவர் அசோசியேட்ஸ், நேரா போன்ற நிறுவனங்களின் வேலையில் பெரும்பங்கு வழக்குகளைச் சுற்றியது. இரண்டு கம்பெனிகள் இணைந்தால் விலை ஏறுமா? நாலு பேர் கூடிப் பேசி விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார்கள்? பங்கு விலை சரிந்ததில், கம்பெனி மறைத்த செய்தியால் சரிந்தது எவ்வளவு? பெரும்பாலும் ஒரு பேராசிரியர் நிபுணராகச் சாட்சி சொல்வார். அவருடைய அறிக்கைக்குப் பின்னால் கணக்குப் போடுகிற குழுவில் நீங்கள் இருப்பீர்கள்.

இன்டர்வியூவிலும் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்: அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் விலை என்னவாக இருந்திருக்கும், அதை எதை வைத்துச் சொல்வீர்கள்?

தயாராக வேண்டுமென்றால் 1997-ல் வந்த ஸ்டேப்பிள்ஸ், ஆபீஸ் டிப்போ இணைப்பு வழக்கின் தீர்ப்பை உட்கார்ந்து படியுங்கள். பேனா, பேப்பர், ஃபைல் விற்கிற பெரிய கடைச் சங்கிலிகள் அன்று மூன்றுதான், மூன்றாவது ஆபீஸ்மேக்ஸ். இந்த மூன்றும் இருக்கிற ஊர்களோடு ஒப்பிட்டால், ஸ்டேப்பிள்ஸ் மட்டும் இருக்கிற ஊர்களில் அதன் விலை 13 சதவீதம் அதிகம் என்பதை நீதிமன்றம் ஏற்று, இணைப்பைத் தடுத்தது. அந்த ஒப்பீட்டில் எங்கே ஓட்டை இருக்கலாம், ஸ்டேப்பிள்ஸ் தனியாக இருக்கிற ஊர்கள் வேறு எந்த விதத்தில் மாறுபட்டவை என்று யோசித்துக்கொண்டே படித்தால் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சொந்த ஆய்வைத் தெரிந்துகொள்ளாமல் போவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

என் மாஸ்டர்ஸ் ஆய்வு பெட்ரோல் விலை பற்றியது. சூப்பர்மார்க்கெட் ஒன்று சொந்தமாக பங்க் திறந்தால், சுற்றியுள்ள பங்க்குகளில் விலை இறங்குகிறதா என்பது கேள்வி. ஒரு ஃபைலில் விலைகள், இன்னொன்றில் பங்க்கின் பெயர், முகவரி, பிராண்டு. இரண்டையும் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் மெர்ஜ் செய்தேன், அதாவது ஒன்றாக இணைத்தேன். இரண்டிலும் பொருந்தியதை மட்டும் வைத்துக்கொண்டு, பொருந்தாததை ஒரே கட்டளையில் தூக்கினேன். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். விலை இரண்டு சென்ட் இறங்குகிறது என்று முடிவு வந்தது, பக்கத்தில் மூன்று ஸ்டார், அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்ற குறி. ரெஸ்யூமேயில் முதல் வரியாகப் போட்டேன்.

இன்டர்வியூ எடுத்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் பேப்பரை அச்செடுத்து வைத்திருந்தார். பென்சிலால் முதல் அட்டவணையைத் தொட்டார்: 4,180. மூன்றாம் அட்டவணையைத் தொட்டார்: 3,612. "மீதி 568 எங்கே?" என்று கேட்டார். டேட்டா இல்லை என்றேன். "ஏன் இல்லை?" இரண்டு ஃபைலும் பொருந்தவில்லை என்றேன். "எந்த பங்க்குகள் பொருந்தவில்லை?" எனக்குத் தெரியவில்லை. நான் அந்த வரிசைகளை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. ஓரத்தில் 568 என்று எழுதி வட்டம் போட்டார். மீதி அரைமணி நேரம் மரியாதையாகவே பேசினார். மூன்றாம் நாள் மெயில் வந்தது, இடம் இல்லை.

அன்று இரவே அந்த 568-ஐயும் திறந்து பார்த்தேன். பெரிய பிராண்டு பங்க்குகளுக்கு இரண்டு ஃபைலிலும் ஒரே குறியீட்டு எண் இருந்ததால் அவை அழகாகப் பொருந்திவிட்டன. தனியார் நடத்துகிற சின்ன பங்க்குகளின் பெயர்களை யாரோ கையால் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒன்றில் 'கேஸ்' என்று முடிகிறது, இன்னொன்றில் 'கேஸ் அண்ட் டெலி'. பொருந்தவில்லை, போய்விட்டது. சூப்பர்மார்க்கெட் வந்தால் முதல் அடி விழுவது இந்தச் சின்ன பங்க்குகளுக்குத்தானே? அவர்களை வெளியே தள்ளிவிட்டு, பெரிய பிராண்டுகளைப் பற்றிய ஒரு முடிவை ஊர் முழுவதற்குமான முடிவு என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதில்தான். ஸ்டார் வந்தால் மார்க் போடுகிறார்கள், எத்தனை வரிசை காணாமல் போனது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தத் தொழிலே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. நிபுணரின் அறிக்கையோடு டேட்டாவும் கணக்குப் போட்ட புரோகிராமும் எதிர்த்தரப்பின் கைக்குப் போகும். அவர்கள் பக்கத்துப் பொருளாதார நிபுணர் அதை ஓட்டிப் பார்த்து, எங்கே எதை நீக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவார். 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகு, முறை நம்பத்தக்கதல்ல என்று நீதிபதிக்குப் பட்டால் சாட்சியத்தையே ஒதுக்கிவிட முடியும். இன்டர்ன் நீக்கிய ஒரு வரிசையால் பேராசிரியர் கூண்டில் நின்று திணறக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் ஆதியிலிருந்து சரிபார்க்கிறார், அதனால்தான் இன்டர்வியூவிலேயே தோண்டுகிறார்கள்.

இந்த செப்டம்பரில் வந்த ஏழு பேரில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன். என்.எஃப்.எச்.எஸ்-5 (இந்தியாவின் தேசியக் குடும்ப நல சர்வே) டேட்டாவை வைத்து நல்ல ஆய்வு செய்திருந்தான்.

"இதுல ஒரு ரோன்னா என்ன தம்பி?"

"ஒரு குடும்பம்க்கா." கொஞ்சம் நிறுத்தினான். "இல்ல, ஒரு அம்மா. ஒருவேளை குழந்தையா இருக்கும்."

அந்த சர்வேயில் குடும்பத்துக்கு ஒரு ஃபைல், பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. எதை எடுத்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை. முடிவாக வந்த எண்ணான கோஎஃபிஷியன்ட் மட்டும் மூன்று தசமம் வரை மனப்பாடம்.

அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே ஒரு தாளை எடுங்கள். ஒரு வரிசை என்றால் யார், என்ன என்று மேலே எழுதுங்கள். எதையும் நீக்காத மூல டேட்டாவில் எத்தனை, ஒவ்வொரு படியிலும் எத்தனை குறைந்தது, கடைசியில் எத்தனை என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். குறைந்த ஒவ்வொரு இடத்திலும் ஐம்பது வரிசையைக் கண்ணால் பாருங்கள். அவர்கள் மிச்சமிருப்பவர்களைப் போலத்தான் இருக்கிறார்களா? இல்லையென்றால் உங்கள் விடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? ஒரு வார இறுதி போதும். பத்து நாள் கழித்து அவன் கூப்பிட்டான். "அக்கா, உயரம் அளக்காத குழந்தைங்கள மொத்தமா விட்டிருக்கேன். அன்னைக்கு வீட்ல இல்லாத குழந்தைங்களும் அதுல வருது. இவங்க யாருன்னு ஒரு டேபிள் போட்டிருக்கேன், பாக்கறீங்களா?" அந்த டேபிள் அவனுடைய முடிவை மாற்றவில்லை. ஆனால் இனி யார் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கிறது.

பிப்ரவரியில் தேடத் தொடங்குவது

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் முந்தைய ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரிலேயே இடங்கள் நிரம்பிவிடும்.

ஒரு வாரம் பார்த்த பைத்தான் புரோகிராமிங்கை ரெஸ்யூமேயில் ஏற்றுவது

கேட்பார்கள்.

முந்தைய இன்டர்ன்ஷிப்பின் ரகசியத்தை உளறுவது

"போன கோடையில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால் வழக்கின் வகையைச் சொல்லுங்கள், செய்த வேலையைச் சொல்லுங்கள். கட்சிக்காரர் பெயரைச் சொன்ன ஒருவரை நானே நிராகரித்திருக்கிறேன். நாளை எங்கள் கட்சிக்காரர் பெயரையும் அவர் வேறெங்கோ சொல்வார்.

ஐ-20-ஐப் படிக்காமல் இருப்பது

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும். ஐ-20 என்பது உங்கள் பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தருகிற ஆவணம். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி (படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி) வேண்டும். அதற்குப் பொதுவாக முழுதாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். அனுமதி ஐ-20-ல் ஏறும் முன் ஒரு நாள்கூட வேலையில் உட்காரக் கூடாது. முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் பயன்படுத்தும் வேலை அனுமதி) போய்விடும்.

பலர் கவனிக்காதது பாடக் குறியீடு. பொதுப் பொருளாதாரத்துக்கு 45.0601, எகனோமெட்ரிக்ஸ் மற்றும் அளவுசார் பொருளாதாரத்துக்கு 45.0603. இரண்டாவது மட்டுமே ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது, அதற்குத்தான் ஓபிடியில் 24 மாத நீட்டிப்பு உண்டு. இன்டர்னை எடுக்கும்போதே பிறகு முழுநேரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற நிறுவனத்துக்கு இது பெரிய வித்தியாசம். பல துறைகள் தங்கள் குறியீட்டை மாற்றிக்கொண்டுவிட்டன. உங்களுடையது எது என்று இன்றே பாருங்கள்.

இந்தியாவில் இருந்தால் வழியே இல்லை என்று நினைப்பது

டெல்லியில் இருக்கிற இந்தியப் போட்டி ஆணையம் மாணவர்களை இன்டர்ன்களாக எடுத்துக்கொள்கிறது. விண்ணப்பிக்கும் முன் அவர்கள் ஆணை ஒன்றையாவது முழுதாகப் படித்திருங்கள். கூடிப் பேசி விலையை ஏற்றியதாகச் சிமென்ட் கம்பெனிகளுக்கு 2012-ல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணையில் தொடங்கலாம். நடைமுறைக் குறையால் அது ரத்தாகி, மறுபடி விசாரித்து 2016-ல் புதிய ஆணை வந்தது. விலைகள் சேர்ந்தே ஏறின, ஆலைகள் முழுத் திறனில் ஓடவில்லை என்பவற்றையெல்லாம் வைத்து ஆணையம் வாதத்தைக் கட்டுகிறது. கூடிப் பேசாமலேயே விலைகள் அப்படி ஏறியிருக்க முடியுமா, அதை எந்த டேட்டாவை வைத்துப் பிரித்துச் சொல்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.